ராகிக்கு முன்னே கோடை மழையில் எதை விதைப்பது?

சித்திரை முடியும் தறுவாயில் இடியும் மின்னலுமாக ஒரு மழை கொட்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பென்னாகரம், பாலக்கோடு, சூளகிரி, ஊத்தங்கரை என எந்தப் பக்கம் போனாலும் மறுநாள் காலையில் கொல்லைக்குக் கொல்லை டிராக்டர் சத்தம் கேட்கும். ஒரு ஓட்டு ஓட்டிப் போட்டுவிட்டு, ஆடி வரட்டும், ராகி விதைக்கலாம் என்று நிலத்தை விட்டுவிடுவது நம் பக்கத்து வழக்கம். வைகாசி முதல் தேதியிலிருந்து ஆடிப் பதினெட்டு வரை எண்ணினால் எண்பது நாள். அத்தனை நாளும் செம்மண் வெயிலில் காய்கிறது. ஆனிக் காற்றில் மேல்மண் பறக்கிறது. நடுவில் ஒரு கனமழை வந்தால் மேலே பொருக்குத் தட்டிப்போய், அடுத்த மழை உள்ளே இறங்காமல் செக்கச் செவேலென்று ஓடைக்குப் போகிறது. போவது வெறும் தண்ணீர் இல்லை. போன வருஷம் போட்ட தொழுவுரமும் அதோடு போகிறது.

இந்த எண்பது நாளுக்குள் ஒரு பசுந்தாள் பயிரை, அதாவது மண்ணுக்கே உரமாகப் போடும் பயிரை விதைத்து, வளர்த்து, பச்சையாகவே மடக்கி உழுது, அதன் மேல் ராகி விதைக்க முடியும். மானாவாரியிலும் முடியும். ஆனால் பேச்சு தொடங்கியதும் எல்லோரும் கேட்பது "எந்த விதை நல்லது?" என்றுதான். அதை மூன்றாவது கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தேதிக்குள் மடக்கி உழ வேண்டும் என்பது முதல் கேள்வி. விதைக்கத் தகுந்த மழை எந்தத் தேதியில் கிடைத்தது என்பது இரண்டாவது. இரண்டுக்கும் நடுவே எத்தனை நாள் என்று தெரிந்துவிட்டால் விதை பாதி முடிவாகிவிடும். பசுந்தாள் போட்டு ராகி கெட்டுப்போன கொல்லைகளைக் கிளறிப் பார்த்தால், பெரும்பாலும் விதையில் தப்பு இருக்காது, நாளில்தான் தப்பு இருக்கும்.

பின்னாலிருந்து எண்ணுவது

ராகி விதைப்பை ஆடி 18, அதாவது ஆகஸ்ட் 3 என்று வைத்துக்கொள்வோம். மடக்கி உழுத தழை மட்குவதற்கு, மண்ணில் ஈரம் இருந்தால் 10 முதல் 15 நாள் போதும். நம் மாவட்டங்களில் வைகாசியில் நன்றாகப் பெய்யும் மழை ஆனியில் தளர்ந்துபோய், ஆடிக் கடைசியில்தான் மறுபடி பிடிக்கும். ஆவணி, புரட்டாசி, ஐப்பசிதான் பெருமழைக் காலம். ஆகவே மட்குவதற்கு 20 நாள் கொடுப்பதுதான் பத்திரம். அப்படியானால் ஜூலை 14, ஆனி முடிவதற்குள் தழை மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். பசுந்தாள் பயிர்களில் முதல் தேர்வான சணப்புக்கு 45 நாள் வேண்டும். ஜூலை 14லிருந்து 45 நாள் பின்னால் போனால் மே 30, வைகாசி நடு. அதுதான் சணப்பு விதைக்கக் கடைசி நாள்.

ஏப்ரல் கடைசியிலேயே நல்ல மழை கிடைத்துவிட்டால் அறுபது நாளுக்கு மேல் கையில் இருக்கும். எந்தப் பயிரையும் யோசிக்கலாம். ஜூன் 10 வாக்கில்தான் மழை வந்தது என்றால் முப்பத்து நான்கு நாள்தான் மிச்சம். அதில் காராமணியோ பாசிப்பயறோ மட்டும்தான் ஒப்பேறும். ஜூன் 20ஐத் தாண்டிவிட்டால் அந்த வருஷம் விட்டுவிடுங்கள். ஆசைப்பட்டு விதைத்தால் அது ராகியின் நாளைத் தின்றுவிடும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மேட்டு நிலம், குளிர்ச்சி அதிகம். பயிர் ஒரு வாரம் மெதுவாகத்தான் வளரும் என்று கூட்டிக்கொள்ள வேண்டும். அங்கே சிலர் ஜூன் கடைசியிலேயே ராகி போட்டுவிடுகிறார்கள். அவர்களுக்குச் சித்திரை மழைதான் கணக்கு. வைகாசி மழை காலதாமதம்.

விதைக்கத் தகுந்த மழை எது? நம் ஊர்ப் பேச்சில் "ஒரு உழவு மழை". அளவாகச் சொன்னால் 25 மில்லிமீட்டர் என்று வையுங்கள். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது சுமார் 4,000 லிட்டர். 25 மில்லிமீட்டர் என்றால் ஒரு லட்சம் லிட்டர். மழைமானி இல்லையென்றால் கடப்பாரையால் மூன்று இடத்தில் தோண்டிப் பாருங்கள். ஒரு சாண் ஆழத்துக்கு ஈரம் இறங்கியிருக்க வேண்டும். அந்த ஆழத்து மண்ணைக் கையில் எடுத்துப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், கட்டைவிரலால் அழுத்தினால் உடைய வேண்டும். பிடித்த மாத்திரத்தில் உதிர்ந்தால் அடுத்த மழைக்குக் காத்திருங்கள். நான்கு விரல் ஈரத்தை நம்பி விதைத்தால் முளைத்து, இரண்டு இலை விட்டு, கருகிப் போகும். விதைக்காசும் போச்சு, நாளும் போச்சு.

சித்திரைப் புழுதியும் கம்பளிப் புழுவும்

பெரியவர்கள் ஒரு தடை சொல்வார்கள்: "சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்." கோடையில் உழுது புழுதியாகப் போடுவதுதான் முறை, அதில் பயிர் வைத்தால் புழுதி எங்கே என்பார்கள். அந்தப் பழமொழிக்குப் பின்னால் உண்மையான காரணம் இருக்கிறது. நிலக்கடலை, பயறு போட்ட செம்மண் கொல்லைகளில் சிவப்புக் கம்பளிப் புழுவின் கூட்டுப்புழு மண்ணுக்குள் உறங்கிக் கிடக்கும். கோடை மழை பட்டதும் அந்துப்பூச்சி கிளம்பும். உழுது புரட்டினால் கூட்டுப்புழு மேலே வந்து வெயிலில் சாகும். காக்கையும் கொக்கும் பொறுக்கித் தின்னும். கோரைக்கிழங்கும் அறுகம்புல் வேரும் அப்படித்தான் காய்ந்து போகும்.

ஆகவே உழவை விட வேண்டாம். முதல் மழைக்கு உழுது, ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை நிலத்தை ஆறப் போடுங்கள். இரண்டாவது மழைக்கு விதையுங்கள். புழுதியின் பலனில் பெரும்பகுதி அந்தப் பத்து நாளிலேயே கிடைத்துவிடும். மீதி எழுபது நாளும் வெறும் மண்ணாகக் கிடப்பதில் லாபம் இல்லை. மழை ஒன்றுதான் கிடைக்கும் என்று தோன்றினால், முந்தைய மாசி, பங்குனித் தூறலிலேயே உழுது வைத்திருப்பது இன்னும் நல்லது.

தண்ணீரை யார் குடிக்கிறார்கள்?

இது கனமான கேள்வி. பசுந்தாள் பயிர் மண்ணிலிருக்கும் ஈரத்தைக் குடித்துவிட்டால் ராகிக்கு என்ன மிஞ்சும்? கேட்பவர்கள் சரியாகத்தான் கேட்கிறார்கள். அமெரிக்காவில் கான்சாஸ், கொலராடோ மாநிலங்களின் வறண்ட சமவெளியில் குளிர்காலக் கோதுமை விதைக்கிறார்கள். கோதுமைக்கு முந்தைய கோடையில் நிலத்தைச் சும்மா போடும் வழக்கத்தை விட்டுவிட்டு, மண்ணை மூடி வைக்க மூடுபயிர் போட்டபோது, வறட்சியான வருஷங்களில் கோதுமை விளைச்சல் குறைந்தது. காரணம், அங்கே மண் ஆழம். ஆள் உயரத்துக்கும் கீழே வேர் போகும். கோடையில் பெய்ததை அந்த மண் சேமித்து வைத்து, கோதுமைக்குக் கொடுக்கும். மூடுபயிர் அந்தச் சேமிப்பைச் செலவழித்துவிடுகிறது.

நம் மேட்டுக் கொல்லையில் அந்தச் சேமிப்புக்கு இடமே இல்லை. ஒரு அடி, ஒன்றரை அடிக்குக் கீழே சரளை, அதற்கும் கீழே பாறை. மணல் கலந்த செம்மண் ஒரு மீட்டர் ஆழத்துக்கே சுமார் 100 மில்லிமீட்டர் தண்ணீரைத்தான் பயிருக்குப் பயன்படும்படி பிடித்து வைக்கும். நாற்பது சென்டிமீட்டர் மண்ணில் 40 மில்லிமீட்டர். வைகாசி வெயிலில் அது ஆடி வரை தங்காது. பயிர் இருந்தாலும் போகும், இல்லாவிட்டாலும் போகும். ராகிக்கு வேண்டிய தண்ணீரைக் கொடுப்பது ஆவணி, புரட்டாசி மழைதான். அதனால்தான் நம் செம்மண்ணில் துணிந்து போடலாம் என்கிறேன். கரிசல் கலந்த, மூன்று நான்கு அடி ஆழமுள்ள நிலம் வைத்திருப்பவர்கள் மட்டும் யோசிக்க வேண்டும். அவர்களுக்குக் கான்சாஸ் கணக்கு கொஞ்சம் பொருந்தும். அவர்கள் முப்பத்தைந்து நாளிலேயே பயிரை முடித்துவிடுவது நல்லது.

செம்மண்ணிலும் ஒரு எல்லை உண்டு. ஆனியில் பதினைந்து நாள் மழையே இல்லை, காலை பத்து மணிக்கே இலை தொங்குகிறது என்றால், 45 நாள் ஆகட்டும் என்று நிற்கக் கூடாது. அன்றைக்கே அடியோடு வெட்டி மண்மேல் பரப்பிவிடுங்கள். உழ வேண்டாம், காய்ந்த மண்ணில் உழுதால் தழை மட்காது, இருக்கிற ஈரமும் போகும். மண்ணுக்குப் போர்வையாக, மூடாக்காகக் கிடக்கட்டும். மழை வந்த பிறகு உழுதுகொள்ளலாம்.

எந்தப் பயிர், எந்தக் கொல்லைக்கு

சணப்புதான் முதல் தேர்வு. மானாவாரிச் செம்மண், 45 நாள் கையில் இருக்கிறது என்றால் வேறு யோசனையே வேண்டாம். ஏக்கருக்கு 10 முதல் 14 கிலோ விதை. நான் 14 பக்கமே சாய்வேன். அடர்த்தியாக வந்தால்தான் பார்த்தீனியத்தையும் கீரைப்பூண்டையும் அமுக்கும், தண்டும் மெலிதாக இருந்து சீக்கிரம் மட்கும். கலக்கமாக, அதாவது நெருக்கமில்லாமல் விழுந்தால் ஒவ்வொரு செடியும் விரல் தடிமனுக்கு நாரேறி நிற்கும். விதையை இரண்டு பங்காக்கி, ஒரு பங்கைக் கிழக்கு மேற்காகவும் மறு பங்கைத் தெற்கு வடக்காகவும் தூவினால் திட்டு விழாது. தூவிய பிறகு கொத்துக் கலப்பையை மேலாக ஓட்டியோ முள்கொப்பை இழுத்தோ மூட வேண்டும். இரண்டு, மூன்று சென்டிமீட்டர் ஆழம் போதும்.

பாலக்கோடு, ராயக்கோட்டை, காரிமங்கலம் பக்கம் தக்காளி மாற்றி ராகி போடும் நிலங்களில் சணப்புக்கு இன்னொரு வேலை இருக்கிறது. தக்காளிச் செடியைப் பிடுங்கினால் வேரில் முடிச்சு முடிச்சாக வீங்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், வேர்முடிச்சு நூற்புழு. சணப்பு வேரில் அது பெருகாது, எண்ணிக்கை குறையும். காராமணி வேரிலோ பெருகும். ஆகவே தக்காளிக் கொல்லையில் காராமணியைப் பசுந்தாளாகப் போடுவது நூற்புழுவுக்குச் சோறு வைப்பதுதான். அங்கே நாள் குறைவாக இருந்தாலும் முப்பத்தைந்து நாள் சணப்புதான் போட வேண்டும்.

சணப்பை ஆடு மாட்டுக்குத் தீவனமாக நினைத்துக்கொண்டு விதைக்காதீர்கள். முக்கியமாக விதை கால்நடைக்கு ஆகாது, நச்சு உண்டு. காய் பிடித்த சணப்பில் மாட்டைக் கட்டக் கூடாது.

காராமணி, வெளியூரில் தட்டைப்பயறு என்பார்கள், சீக்கிரம் மூடும். முப்பது முப்பத்தைந்து நாளில் தரை தெரியாது. ஏக்கருக்கு 10 கிலோ விதை. தண்டில் நாரில்லை, மடக்கி உழுதால் பத்து நாளில் கரைந்துவிடும். கால்நடைக்குக் கொஞ்சம் அறுத்துப் போட்டுக்கொண்டு மீதியை உழலாம். குறை என்னவென்றால் கம்பளிப் புழுவுக்குக் காராமணி என்றால் அவ்வளவு பிரியம். கொல்லை ஓரத்தில் கூட்டமாகப் புழு தெரிந்தால், பரவும் முன் அந்த ஓரத்தை அறுத்து அப்புறப்படுத்த வேண்டும். முட்டைக் குவியலாக இருக்கும்போதே இலையோடு கிள்ளி எடுப்பது அதைவிட எளிது.

கொள்ளுப் பயிரைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. கொள்ளு நம் மாவட்டத்துப் பயிர். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கும் பையூர் ஆராய்ச்சி நிலையம் பையூர் 1, பையூர் 2 என்று அதில் ரகங்களையே வெளியிட்டிருக்கிறது. ஆவணிக்கு மேல் விதைத்துப் பழகியவர்கள், வைகாசியில் விதைத்தால் காய்க்காதே என்பார்கள். உண்மைதான். கொள்ளு பகல் குறையும் காலத்தில்தான் பூக்கும். கோடையின் நீண்ட பகலில் கொடியும் இலையுமாகப் படர்ந்துகொண்டே போகும். காய் வேண்டுமென்றால் அது குறை. தழை வேண்டுமென்றால் அதுதான் நிறை: ஐம்பது நாளிலும் இளசாகவே நிற்கும். சரளை மிகுந்த, எதுவும் வராத மேட்டுக்கு ஏக்கருக்கு 8 முதல் 10 கிலோ கொள்ளு. சணப்பு கொடுக்கும் தழையில் பாதிகூட வராமல் போகலாம், ஆனால் மண்ணை மூடி நிற்கும், மழை தள்ளிப்போனாலும் சாகாது.

கோடையில் ஊர் மாடெல்லாம் அவிழ்த்து விடும் பகுதியாக இருந்தால் கொழுஞ்சி. மாடு வாய் வைக்காது. ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ விதை. ஆனால் விதைத்தோல் கெட்டி, அப்படியே தூவினால் பாதிக்கு மேல் முளைக்காது. கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்று அதிகமான, 55 டிகிரி வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு வடித்து, ஆற வைத்து விதைக்க வேண்டும். இல்லாவிட்டால் மணலோடு சேர்த்துத் தேய்க்கலாம். முதல் ஒரு மாதம் வளர்ச்சியே தெரியாது. அறுபது நாளாவது வேண்டும். ஒரு முறை காய்த்துக் கொட்டினால் அடுத்தடுத்த வருஷம் தானாக முளைக்கும் என்பதால், அவசரமில்லாதவர்களுக்கு உகந்தது. நரிப்பயறும் ஏறக்குறைய இப்படித்தான்: மேய்ந்தாலும் தழையும், வறட்சி தாங்கும், ஏக்கருக்கு 4 முதல் 6 கிலோ விதை போதும், தழையும் குறைவுதான்.

தக்கைப்பூண்டைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். நல்ல பயிர், நிறையத் தழை, தண்ணீர் தேங்கினாலும் உவரானாலும் தாங்கும். கிருஷ்ணகிரி அணைப் பாசனத்தில் காவேரிப்பட்டணம் பக்கம் நெல் நடுவதற்கு முன் போடுவதற்கு அதைவிட நல்லது இல்லை. மேட்டுக் கொல்லை மானாவாரியில் அதற்கு வேலை இல்லை. ஏக்கருக்கு 20 கிலோ விதை போட்டும் முழங்கால் உயரத்தில் நின்றுவிடும். முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் திட்டம் போன்றவற்றில் பசுந்தாளுர விதைக்கு மானியம் உண்டு, கிடைப்பதை வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் கையில் கிடைத்தது தக்கைப்பூண்டு என்பதற்காக அதைச் செம்மண் மேட்டில் கொண்டுபோய் விதைக்காதீர்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பாயும் வயலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பு, சோளத்தை மட்டும் தனியாகப் போடுவதை நான் ஏற்கவில்லை. தழை மலைபோல் வரும். ஆனால் அதில் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு, நார் அதிகம். மண்ணுக்குள் போனதும் அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் தமக்கென்று எடுத்துக்கொள்ளும். மூன்றாவது வாரத்தில் ராகி வெளிறிப்போய் நிற்கும். அதோடு ராகியும் புல்லினம், சோளமும் புல்லினம். தண்டுத் துளைப்பான் ஒன்றிலிருந்து மற்றதற்கு வந்துவிடும். பலதானிய விதைப்பில் அவை கலந்து வருவது வேறு விஷயம். தானியம், பயறு, எண்ணெய் வித்து, பசுந்தாள், கடுகு வெந்தயம் போன்றவை எல்லாம் கலந்து ஏக்கருக்கு 20 முதல் 25 கிலோ வரை விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுவது இயற்கை வேளாண்மை செய்பவர்களிடம் பரவலாக இருக்கிறது. மண்ணுக்கு நல்லதுதான். மானாவாரியில் செய்வதானால் புல்லினத்தை மொத்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் விடாதீர்கள். ஆமணக்கை விட்டுவிடுங்கள், அந்தத் தண்டு ராகி விதைப்பு வரை மட்காது.

விதைக்கும் முன்

வாங்கிய விதையை நம்பி விதைக்காதீர்கள். நூறு விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வையுங்கள், நாலைந்து நாளில் பிரித்து எண்ணுங்கள். எண்பத்தைந்து முளைத்தால் சொன்ன அளவு. எழுபதுதான் முளைத்தது என்றால் 12 கிலோ போட வேண்டிய இடத்தில் 14½ கிலோ. ஐம்பதுக்குக் கீழே என்றால் திருப்பிக் கொடுங்கள்.

ஏக்கர் விதைக்கு, வேரில் முடிச்சு உண்டாக்கித் தழைச்சத்தைப் பிடிக்கும் நுண்ணுயிரான ரைசோபியம் 200 கிராம் பொட்டலம் ஒன்று. ஆறிய அரிசிக் கஞ்சியில் கலக்கி, விதையில் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி அன்றைக்கே விதைக்க வேண்டும். காராமணிக்கு என்று விற்கும் ரைசோபியமே சணப்புக்கும் கொள்ளுக்கும் பொருந்தும், தக்கைப்பூண்டுக்குப் பொருந்தாது. பல வருஷமாகப் பயறே பார்க்காத நிலத்தில் இதைச் செய்யாமல் விடக் கூடாது.

முப்பதாவது நாள் கொல்லையின் நடுவில் போய், மண் ஈரமாக இருக்கும்போது நான்கைந்து செடியை மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து எடுங்கள். இழுத்துப் பிடுங்கினால் முடிச்செல்லாம் மண்ணிலேயே நின்றுவிடும். வாளித் தண்ணீரில் மெல்ல அலசுங்கள். ஆணிவேர்ப் பக்கமாக மிளகு அளவில் முடிச்சுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு, சில சமயம் நகத்தில் ரத்தக்கறை போல ஒட்டும் சிவப்பு. அப்படியானால் அது காற்றிலிருந்து தழைச்சத்தை இழுத்துக்கொண்டிருக்கிறது. உள்ளே வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு இருந்தும் வேலை நடக்கவில்லை. நூற்புழு முடிச்சோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்: நூற்புழு முடிச்சு வேரே வீங்கியது, உதிர்த்தால் உதிராது, இது வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், விரலால் தள்ளினால் விழும்.

முடிச்சு வெளிறிக் கிடப்பதற்கு மணிச்சத்து (பாஸ்பரஸ்) பற்றாக்குறையும் ஒரு காரணம். மானாவாரி ராகிக்கு ஏக்கருக்கு 8 கிலோ மணிச்சத்து, அதாவது சூப்பர் பாஸ்பேட் 50 கிலோ மூட்டை ஒன்று பரிந்துரை. அந்த மூட்டையை ராகிக்கென்று வைத்திருக்காமல், பசுந்தாள் விதைக்கும்போதே அடியில் போட்டுவிடுங்கள். சணப்பு அதை எடுத்துக்கொண்டு வளரும், மட்கியதும் ராகிக்குத் திருப்பிக் கொடுக்கும். செலவு கூடவில்லை, இரண்டு பயிருக்கும் ஆகிறது.

மடக்கி உழும் நாள்

சணப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மஞ்சள் பூ எட்டிப் பார்த்தால் அதுவே நாள். எல்லாம் பூக்கட்டும், அழகாக இருக்கிறது, இன்னும் தழை சேரட்டும் என்று பத்து நாள் தள்ளினால் தழை கூடாது, நார்தான் கூடும். நார் ஏறிய தண்டு ரோட்டவேட்டர் என்ற சுழல் கலப்பையின் கத்தியில் கயிறு போலச் சுற்றிக்கொள்ளும். ஒவ்வொரு சாலுக்கும் டிராக்டரை நிறுத்தி அரிவாளால் அறுத்து எடுக்க வேண்டியிருக்கும், வாடகை மணிக்கணக்கில் ஓடும். தண்டைக் கையில் எடுத்து மடக்கிப் பாருங்கள்: முறிந்தால் உழலாம், முறியாமல் நாராகத் தொங்கினால் நாள் கடந்துவிட்டது. கடந்துவிட்டால் முதலில் அறுத்து இரண்டு நாள் வாடப் போட்டு, பிறகு ஓட்டுங்கள்.

உழுவதற்கு முன் தழையை எடை போட வேண்டும். ஒரு மீட்டர் நீளக் குச்சி நான்கைச் சதுரமாக வைத்து, உள்ளே இருக்கும் செடிகளை அடியோடு அறுத்து நிறுங்கள். நன்றாக வந்த இடம், சுமாரான இடம், மோசமான இடம் என்று மூன்றிலும் எடுத்துச் சராசரி பாருங்கள். ஏக்கருக்கு 4,047 சதுர மீட்டர். சராசரி ஒன்றேகால் கிலோ என்றால் ஏக்கருக்கு ஐந்து டன் பச்சைத்தழை. அதில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். காய்ந்தது ஒரு டன். அதில் நூற்றுக்கு இரண்டு, இரண்டரை தழைச்சத்து, அதாவது 20 முதல் 25 கிலோ. யூரியா மூட்டை ஒன்றில் இருக்கும் அளவு. ஆனால் முதல் ராகிக்கு அதில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைதான் கிடைக்கும். மீதி மண்ணில் தங்கி அடுத்தடுத்து வரும்.

மானாவாரி ராகிக்குத் தழைச்சத்து ஏக்கருக்கு 16 கிலோ, யூரியாவில் 35 கிலோ. ஐந்து டன் தழை போயிருந்தால் அதைப் பாதியாக்கி, 17 கிலோவை 25ஆம் நாள் வாக்கில் மழை ஈரத்தில் போட்டால் போதும். தழையும் போட்டு யூரியாவும் முழுசாகப் போட்டால் பயிர் கருகருவென்று வரும், புரட்டாசி மழையில் குலைநோய் பிடிக்கும், பிறகு சாயும். தழை இரண்டு டன்னுக்குக் கீழே என்றால் யூரியாவைக் குறைக்காதீர்கள்.

உழும்போது பரம்பை (நிலத்தைச் சமன்படுத்தும் பலகையை) ஓட்டிச் செடியை ஒரே பக்கமாகச் சாய்த்து, சாய்ந்த திசையிலேயே உழுதால் தழை நன்றாகப் புதையும். எதிர்த் திசையில் ஓட்டினால் பாதி எழுந்து நிற்கும். ரோட்டவேட்டரை ஆழமாக விட வேண்டாம். பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டரில்தான் காற்றும் ஈரமும் இருக்கிறது. அதற்குக் கீழே புதைத்தால் நாறிக்கொண்டு கிடக்கும். ஐந்தாறு நாள் கழித்து மறு ஓட்டு ஒன்று.

ராகி விதை எவ்வளவு சின்னது என்பதை மறந்துவிடக் கூடாது. மட்காத தழைத்துண்டின் மேல் விழுந்தால் மண்ணில் ஒட்டாது, முளைத்தாலும் காய்ந்துவிடும். அவசரப்பட்டு ஐந்தாம் நாளே விதைத்தவர்களின் கொல்லையில் நாற்று அழுகி வட்டம் வட்டமாகத் திட்டு விழுந்திருக்கும். பச்சைத்தழை மட்கும்போது பெருகும் பூஞ்சை இளநாற்றைத் தின்பதால் வருவது அது. ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை வந்தால் இன்னும் நாளாகும். மழை பெய்த மண்வாசம் வந்து, தண்டைக் கிள்ளினால் கையோடு பிய்ந்து வந்தால் விதைக்கலாம். நாள் போதவில்லை என்றால் விதைப்பை விட்டுவிட்டு நாற்று விட்டு நடுவது ஒரு வழி. பசுந்தாள் மண்ணில் மட்கும் நாளிலேயே நாற்றங்காலில் நாற்று வளரும். 17 முதல் 20 நாள் நாற்றை எடுத்து நட்டால், மட்காத தழை இருந்தாலும் ஒன்றும் செய்யாது.

எட்டு வரிசை ராகிக்கு ஒரு வரிசை அவரையோ துவரையோ போடும் வழக்கத்தை இதற்காக விட வேண்டியதில்லை.

கொல்லையின் ஓரத்தில் பத்து சென்ட் சணப்பை உழாமல் விட்டு வையுங்கள், அடுத்த வருஷ விதைக்கு. பூத்ததும் கருவண்டுகள் வந்து சேரும். அவை வந்தால்தான் காய் பிடிக்கும், ஆகையால் அந்தச் சமயத்தில் அந்த ஓரத்தில் மருந்து தெளிக்கக் கூடாது. வெள்ளையில் கறுப்பும் சிவப்புமாகப் புள்ளி வைத்த அந்துப்பூச்சி ஒன்று சுற்றினால் காயைக் கவனியுங்கள், அதன் புழு காயைத் துளைத்து விதையைத் தின்னும். காய் பழுப்பேறி, செடியை உலுக்கினால் உள்ளே விதை கிலுகிலுவென்று ஆடும்போது, வெயில் ஏறுவதற்கு முன் காலையில் அறுத்து, களத்தில் காய வைத்துத் தட்டி, வேப்பிலையோடு மூட்டை கட்டி வையுங்கள்.